மலைநாட்டு மெட்டுகள் – 14: வெட்டப்பட்ட சரணங்கள்

1969 அக்டோபர் 1. டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகருக்குக் கிழக்கே மவுன்ட் ஜூலியட் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய பண்ணைக் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. அன்று பாட வந்தவர் லொரெட்டா லின். கொண்டுவந்தது தானே எழுதிய பாட்டு. பிறந்த மரவீடு, நிலக்கரி அள்ளிய அப்பா, துணி துவைத்த அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று சரணம் சரணமாக நீண்டுகொண்டே போகும் பாட்டு.

பிராட்லிக்கு அந்த நீளம் பிடிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பு மார்ட்டி ராபின்ஸ் 'எல் பாஸோ' என்று நாலரை நிமிடத்துக்கு மேல் ஓடும் கதைப்பாட்டு ஒன்றைப் பாடிப் பெயர் வாங்கியிருந்தார். அப்படி ஒன்று வந்தாயிற்று, இன்னொன்று வேண்டாம், சில சரணங்களை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார் பிராட்லி. லொரெட்டா எடுத்தார். எடுத்த சரணங்கள் அந்தக் கூடத்திலேயே விடுபட்டுப் போயின. பிறகு கிடைக்கவே இல்லை. பெற்ற பிள்ளையை வழியில் தவறவிட்டவர் போல அதைப் பற்றிப் பின்னாளில் பேசியிருக்கிறார்.

மிஞ்சிய மூன்று நிமிடப் பாட்டுதான் 'கோல் மைனர்ஸ் டாட்டர்', அதாவது சுரங்கத் தொழிலாளியின் மகள். கன்ட்ரி இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இந்தத் தொடருக்காக லொரெட்டாவின் பாடல்களை வரிசையாகக் கேட்டபோது என் மனம் போய் நின்றது அந்தத் தொலைந்த தாள்களிடம்தான். பாட்டுக்குள் அடங்காதது என்று ஒதுக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதே இந்தப் பெண்மணியின் வாழ்நாள் வேலையாக இருந்திருக்கிறது.

*

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு ஓரம் அப்பலாச்சிய மலைகளுக்குள் புதைந்து கிடக்கிறது. அங்கே ஜான்சன் கவுன்ட்டியில் வான் லியர் என்று ஓர் ஊர். கன்சாலிடேஷன் கோல் கம்பெனி நிலக்கரிக்காகவே கட்டிய ஊர் அது. அந்தக் காலத்தில் இத்தகைய ஊர்களில் வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. பல இடங்களில் கூலியைக்கூடக் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் டோக்கனாகக் கொடுத்தார்கள். வான் லியரிலிருந்து மலைக்குள் ஏறிப் போனால் இரு சரிவுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டிய ஓர் ஒடுங்கிய பள்ளம் வரும். வரைபடத்தில் அதன் பெயர் புட்சர் ஹாலோ. ஊர்க்காரர்கள் வாயில் அது 'புட்சர் ஹாலர்'. லொரெட்டாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். பாட்டில் 'டாலர்' என்ற சொல்லுக்கு இயைபாக அதைத்தான் வைத்தார். வீட்டு உச்சரிப்பு மாறியிருந்தால் அந்த இயைபே இல்லை.

1932 ஏப்ரல் 14 அன்று அங்கே பிறந்தார். அப்பா மெல்வின் வெப். ஊரார் டெட் என்பார்கள். அம்மா கிளாரா. எட்டுப் பிள்ளைகளில் லொரெட்டா இரண்டாவது. மலைக்காற்று பலகை இடுக்கில் புகாமல் இருக்க அம்மா சுவரெல்லாம் செய்தித்தாளும் பத்திரிகைப் பக்கங்களும் ஒட்டியிருந்தார். அவற்றில் சினிமா நடிகைகளின் படங்களும் இருந்தன. லொரெட்டா யங் என்ற நடிகையின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். மின்சாரம் இல்லாத வீடு. பேட்டரியில் ஓடும் வானொலிதான் வெளியுலகம். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்பதால் நாளெல்லாம் அதைத் திருப்ப முடியாது. ஆனால் சனிக்கிழமை இரவு நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சிக்குத் தடையில்லை. அந்த நிகழ்ச்சி மலைக்குடிகளின் வாழ்வில் பிடித்த இடத்தை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம்.

டெட் வெப் வேலை கிடைத்தபோது சுரங்கத்துக்குள் போனார், கிடைக்காதபோது சரிவில் சோளம் விதைத்தார். கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி அடுக்குகள் பல இடங்களில் ஆள் நிமிர்ந்து நிற்க இடம் தராதவை. மணிக்கணக்காக மண்டியிட்டும் தவழ்ந்தும் மண்வாரியால் அள்ள வேண்டும். அள்ளும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, மெல்ல மெல்ல அதைக் கல்லாக்கிவிடும். கருநுரையீரல் நோய் என்று அதற்குப் பெயர். ஆனால் பல ஆண்டுகள் கம்பெனி மருத்துவர்கள் அப்படி ஒரு நோயே இல்லை என்றார்கள். சுரங்கக்காரர்களுக்கு வரும் சாதாரண இழுப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். டெட் பிற்பாடு குடும்பத்தோடு இண்டியானா மாநிலத்தின் வாபாஷுக்குக் குடிபெயர்ந்தார். 1959-இல், 52 வயதில் அங்கே இறந்தார். மகளின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது அடுத்த ஆண்டு. அப்பாவைப் பற்றிய பாட்டை அப்பா கேட்கவே இல்லை.

பாட்டு பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். 1969 தொடக்கத்தில் அதே மாநிலத்தில் பல்லாயிரம் தொழிலாளிகள் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் லொரெட்டா பாட்டைப் பதிவு செய்கிறார். டிசம்பர் 30 அன்று சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திடுகிறார். நிலக்கரித் தூசிக்கு வரம்பு கட்டிய முதல் கூட்டாட்சிச் சட்டம் அது. பாட்டில் இவை எதுவும் கிடையாது. நோய் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, கம்பெனி மீது ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. வறுமையை இனிப்பாக்கிவிட்டார் என்று இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சுரங்கக்காரனின் உழைப்பு கம்பெனியின் எடைக் கணக்கிலாவது ஏறும். தேய்ப்புப் பலகையில் துணியைத் தேய்த்துத் தேய்த்து விரல் புண்ணான அவன் மனைவியின் உழைப்பை எந்தக் கணக்குப் பிள்ளையும் குறித்து வைத்ததில்லை. லொரெட்டா அதைப் பாட்டில் குறித்து வைத்தார்.

அந்தப் பாட்டு ஓராண்டு பெட்டிக்குள் கிடந்து 1970-இல்தான் வெளியானது. ஒரு மலைக்குடும்பத்தின் கதை யாருக்கு வேண்டும் என்ற தயக்கம் லொரெட்டாவுக்கே இருந்தது. டிசம்பரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே மாதம் 30-ஆம் தேதி, சுரங்கச் சட்டம் கையெழுத்தாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், கென்டக்கியின் ஹைடன் அருகே ஹரிகேன் கிரீக் சுரங்கத்தில் வெடிவிபத்து. 38 பேர் இறந்தார்கள். 1971-இல் லொரெட்டா கூட்டாளிப் பாடகர்களைத் திரட்டி, லூயிவில் நகரில் அந்தக் குடும்பங்களுக்காக நிதி நிகழ்ச்சி நடத்தினார். சுரங்கத் தொழிலாளியின் மகள் என்ற பெயர் அவருக்கு வெறும் பாட்டுத் தலைப்பு அல்ல.

*

திருமணத்தைப் பற்றிச் சொல்லும்போது வரலாறு எழுதுகிறவன் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்கள் சுட்டுக் கொண்டுவரும் பை என்ற இனிப்புப் பண்டத்தை ஏலம் விடும் விழா ஒன்று நடந்தது. அதிக விலை கேட்பவனுக்குப் பண்டமும் கிடைக்கும், சுட்டவளை வீடுவரை கொண்டுபோய் விடும் உரிமையும் கிடைக்கும். லொரெட்டா சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுச் சுட்டுவிட்டார். அதை ஏலத்தில் எடுத்தவர் ஆலிவர் லின், போர்ப்படையிலிருந்து திரும்பியிருந்த இளைஞர். டூலிட்டில் என்றும் சுருக்கமாக 'டூ' என்றும் கூப்பிடுவார்கள். கள்ளச்சாராயம் கடத்தியவர் என்பதால் 'மூனி' என்ற பெயரும் உண்டு. 1948 ஜனவரி 10 அன்று இருவருக்கும் திருமணம் நடந்தது.

அப்போது தனக்குப் பதின்மூன்று வயது என்று லொரெட்டா தன் வரலாற்றில் எழுதினார். உலகமே அப்படித்தான் நம்பியது. 2012-இல் பிறப்புச் சான்றும் திருமண உரிமமும் வெளிவந்தன. பதினாறு நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது என்று அவை காட்டின. மேடைத் தொழிலில் வயதைக் குறைத்துச் சொல்லும் பெண் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் இந்தத் திருத்தம் அவர் கதையின் பாரத்தைக் குறைத்துவிட்டதாக அப்போது சிலர் எழுதினார்கள். பதினைந்து வயதில் தாலி ஏறிய பெண்ணும் குழந்தைதான். ஓராண்டுக்குள் வயிற்றில் பிள்ளையோடு, பெற்றவர்களைப் பிரிந்து, ரயிலேறி நாட்டின் மறுகோடிக்குப் போனவர் அவர். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய கஸ்டர் என்ற ஊர். டூ அங்கே மரம் வெட்டும் வேலையும் பண்ணை வேலையும் பார்த்தார். லொரெட்டா பண்ணை வீட்டில் சமைத்தார், துவைத்தார், பருவத்தில் ஸ்ட்ராபெரி பறித்தார். பெட்டி சூ, ஜாக் பென்னி, எர்னஸ்ட் ரே, கிளாரா மேரி என்று நான்கு பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். வெகுநாள் கழித்து, 1964-இல், இரட்டைப் பெண்கள்.

இந்த டூலிட்டிலை எப்படி எடைபோடுவது? குடிகாரர். வேறு பெண்களோடு பழகியவர். கை நீட்டியவர், லொரெட்டாவும் திருப்பி அடித்தார் என்பதை இருவருமே மறைத்ததில்லை. ஆனால் 1953-இல் சியர்ஸ் கடையிலிருந்து 17 டாலருக்கு ஹார்மனி கிட்டார் ஒன்றை வாங்கி வந்து மனைவி கையில் கொடுத்ததும் இதே மனிதர்தான். பிள்ளைகளைத் தூங்கவைக்க அவள் பாடுவதைக் கேட்டு, வானொலியில் பாடுகிறவர்களுக்கு இவள் குறைந்தவள் இல்லை என்று முதலில் சொன்னவரும் அவர்தான். கூச்சத்தில் சுவரோடு ஒண்டிக்கொள்ளும் பெண்ணை ஊர் மண்டபத்து மேடைக்கு அவர் இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் லொரெட்டா லின் என்ற பாடகி இல்லை. அந்த மண வாழ்க்கையின் காயங்கள் இல்லாவிட்டால் லொரெட்டா லின்னின் பாடல்களும் இல்லை. இந்த இரண்டில் எதையும் மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். அவரும் அப்படித்தான் வைத்தார்.

கிட்டாரைச் சொல்லித்தர ஆளில்லை. தானே தடவித் தடவிக் கற்றார். டகோமாவில் பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். அதைப் பார்த்த நார்ம் பர்லி என்ற கனடாக்காரர் பணம் போட முன்வந்தார். ஸீரோ ரெக்கார்ட்ஸ் என்று சிறு நிறுவனம். 1960 பிப்ரவரியில் ஹாலிவுட் போய்ப் பதிவு செய்தார்கள். ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் அந்தக் கருவியில் மேதை என்று பெயரெடுத்த ஸ்பீடி வெஸ்ட். 'ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்' என்ற அந்தப் பாட்டு, கணவனால் கைவிடப்பட்டு மதுக்கூடத்தில் அழுத ஒரு பெண்ணைக் கண்டு லொரெட்டா எழுதியது. முதல் பாட்டிலேயே அவர் பார்வை எங்கே போயிற்று என்று தெரிகிறது.

விளம்பரத்துக்குப் பணம் இல்லை. கணவனும் மனைவியும் காரில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் வானொலிக் கோபுரம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துவார்கள். லொரெட்டா உள்ளே போய் இசைத்தட்டைக் கொடுத்து, போடச் சொல்லிக் கேட்பார். காரிலேயே தூக்கம், ரொட்டிக்குள் வைத்த மலிவு இறைச்சித் துண்டும் பாலாடைக்கட்டியும் சாப்பாடு. நாஷ்வில் வந்து சேர்வதற்குள் பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் ஏறியிருந்தது. 14-ஆம் இடம்வரை போனது. 1960 அக்டோபர் 15 அன்று கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் முதன்முறையாகப் பாடினார். இரண்டு ஆண்டுகளில் அதன் உறுப்பினரானார்.

பாடகி பேட்ஸி கிளைன் லொரெட்டாவைத் தங்கையாக ஏற்றுக்கொண்ட கதையைப் போன அத்தியாயத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்; இடம் போதவில்லை. 1961 ஜூனில் கார் விபத்தில் அடிபட்டு பேட்ஸி மருத்துவமனையில் கிடந்தபோது, பாடகர் எர்னஸ்ட் டப் நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் லொரெட்டா பேட்ஸியின் பாட்டு ஒன்றை அவருக்குக் காணிக்கையாகப் பாடினார். படுக்கையிலிருந்து கேட்ட பேட்ஸி, அந்தப் பெண்ணைக் கூட்டி வா என்று கணவரை அனுப்பினார். அன்று தொடங்கிய நட்பு 1963 மார்ச் 5 அன்று பேட்ஸி விமான விபத்தில் இறக்கும்வரை நீடித்தது. உடுத்துவது எப்படி, மேடையில் நிற்பது எப்படி, நிகழ்ச்சி நடத்துகிறவனிடம் முன்பணம் கேட்டு வாங்குவது எப்படி எல்லாம் பேட்ஸி சொல்லிக்கொடுத்தவை. லொரெட்டா தன் இரட்டையரில் ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயர் வைத்தார்.

*

பேட்ஸிக்கும் லொரெட்டாவுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, ஓவன் பிராட்லி. பாட்டுகளின் குணமோ வேறு வேறு. பேட்ஸி பாடியவை பெரும்பாலும் பிறர் எழுதிய காதல் துயரம். லொரெட்டா தானே எழுதினார். கிணற்றடியிலும் அடுப்பங்கரையிலும் பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வதை எழுதினார்.

1966-இல் வந்த 'யூ ஏய்ன்ட் வுமன் இனஃப்' பிறந்த விதத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நிகழ்ச்சிக்கு முன்பு ஓர் ஊரில் ஒரு பெண் அழுதுகொண்டே மேடைக்குப் பின்னால் வந்தாள். கணவன் வேறொருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கிறான் என்றாள். லொரெட்டா திரைச்சீலையை விலக்கி அந்த மற்றவளைப் பார்த்தார். உன் புருஷனைப் பறிக்கும் அளவுக்கு அவளிடம் ஒன்றும் இல்லை என்று இவளிடம் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் பாட்டு கிடைத்துவிட்டது. இரண்டாம் இடம்வரை போனது. அதே ஆண்டில் 'டியர் அங்கிள் சாம்', வியட்நாம் போருக்குக் கணவனை அனுப்பிய மனைவியின் குரல். அடுத்து, குடித்துவிட்டு வரும் கணவனைக் கட்டிலருகே விடாமல் தடுக்கும் மனைவியின் பாட்டு. தங்கை பெக்கி சூவோடு சேர்ந்து எழுதியது. 1967 தொடக்கத்தில் லொரெட்டாவை முதன்முதலாக முதலிடத்தில் உட்காரவைத்தது அதுதான். அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த இசைத்தொகுப்பு, கன்ட்ரி பாடகி ஒருவர் தங்கச் சான்று பெற்ற முதல் தொகுப்பு ஆயிற்று. எழுத வைத்த கணவன் அதே வீட்டில்தான் இருந்தார். கேட்டுவிட்டு, இதில் எத்தனையாவது வரி நான் என்று விசாரிப்பாராம்.

ஆண்கள் அத்தனை ஆண்டுகளாகக் குடியையும் கள்ள உறவையும் பாடியதை வானொலிகள் தடை இல்லாமல் ஒலிபரப்பின. ஒரு மனைவி வீட்டின் உள்ளிருந்து அதே விஷயத்தைப் பாடியபோதுதான் நிலைய மேலாளர்களுக்கு ஒழுக்கம் நினைவுக்கு வந்தது. விவாகரத்தான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று பாடிய 'ரேட்டட் எக்ஸ்' 1972-இல் வந்தது. சில நிலையங்கள் மறுத்தன, ஆனாலும் முதலிடம் போனது.

பிறகு 'தி பில்'. கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் 1960-இல் அனுமதி பெற்றது. நகரத்துப் படித்த பெண்களுக்கு அது பழகிப்போன பிறகும் மலைக் கிராமங்களில் அதைப் பற்றிப் பேசவே கூசினார்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளை பெற்று ஓய்ந்த மனைவி, இனிமேல் முடியாது என்று கணவனிடம் அறிவிக்கும் பாட்டு இது. கோழிப்பண்ணையை உவமையாக வைத்து, முட்டை, குஞ்சு, அடைகாக்கும் கூடு என்று நாட்டுப்புறப் பேச்சிலேயே நகரும். 1972-இல் பதிவானதை நிறுவனம் 1975 வரை வெளியிடத் தயங்கியது. வெளியானதும் அறுபது வானொலி நிலையங்கள்வரை தடை போட்டதாகச் சொல்வார்கள். தேவாலயங்களில் போதகர்கள் கண்டித்துப் பேசினார்கள். கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடத்தில் நின்றது. தடை இல்லாமல் இருந்தால் எங்கே போயிருக்கும் என்று எளிதில் ஊகிக்கலாம். பொதுவான பாப் பட்டியலில் அவருடைய தனிப்பாடல்களிலேயே மேலே ஏறியது இதுதான்.

லொரெட்டாவுக்கு நிறைவு தந்தது வேறொன்று. கிராமப்புற மருத்துவர்கள் அவரைத் தேடி வந்து, நாங்கள் எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தும் போய்ச் சேராத செய்தியை உங்கள் பாட்டு கொண்டு சேர்த்துவிட்டது என்றார்களாம். இதைப் பெருமையோடு சொல்வார். தன்னைப் பெண்விடுதலை இயக்கத்தவர் என்று அழைப்பதை ஏற்றுக்கொண்டதில்லை. அரசியல் மேடையில் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர் பக்கம் நின்றார். இருபது வயதுக்குள் நான்கு பிள்ளை பெற்ற ஒருத்திக்கு மாத்திரை பற்றிக் கருத்துச் சொல்ல இயக்கத்தின் அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை. வெட்டச் சொன்ன சரணத்தை இந்த முறை அவர் வெட்டவில்லை.

*

பிற்கால ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். பாடகர் கான்வே டுவிட்டியோடு சேர்ந்து பாடிய காதல் பாடல்கள் எழுபதுகளில் ஆண்டுதோறும் வெற்றி கண்டன. முதல் ஜோடிப் பாட்டே கிராமி வாங்கியது. 1976-இல் பத்திரிகையாளர் ஜார்ஜ் வெக்ஸியோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு வந்தது. 1980-இல் அது திரைப்படமானது. நடிகைகளின் புகைப்படங்களைப் புரட்டி சிஸ்ஸி ஸ்பேசெக்கைத் தேர்ந்தெடுத்தவர் லொரெட்டாவே. பாடல்களையும் தானே பாடி நடித்த ஸ்பேசெக் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். கடைசித் தங்கை பிரெண்டா, கிறிஸ்டல் கேல் என்ற பெயரில் தானும் பெரிய பாடகியானார். பெயர் சூட்டியது அக்காதான். கிறிஸ்டல் என்ற பர்கர் கடையின் பலகையைப் பார்த்து வந்த யோசனை.

துயரங்களும் வரிசையாக வந்தன. 1984-இல் மூத்த மகன் ஜாக் பென்னி, டென்னசியின் ஹரிகேன் மில்ஸில் இருந்த குடும்பப் பண்ணையில் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். தொண்ணூறுகளில் டூலிட்டில் சர்க்கரை நோயால் கால்களை இழந்தார். லொரெட்டா மேடையை விட்டு ஒதுங்கி, கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1996 ஆகஸ்டில் அவர் இறக்கும்போது திருமணமாகி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2004-இல் ராக் இசைக்காரர் ஜாக் வைட் தயாரிப்பில் 'வான் லியர் ரோஸ்' வந்தது. அப்போது லொரெட்டாவுக்கு 72 வயது. தொகுப்பின் தலைப்புப் பாட்டு அவர் அம்மாவைப் பற்றியது: சுரங்க ஊரின் ஆண்களெல்லாம் ஏங்கிய அழகி, அவளை மணந்த ஏழைச் சுரங்கக்காரன். 1969-இன் பாட்டில் அம்மா உழைக்கும் கைகளாக வந்தார். 35 ஆண்டு கழித்து, கைகள் தேய்வதற்கு முந்தைய இளம்பெண்ணாக வந்தார். கொட்டகையில் தொலைந்த தாள்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது என்று நான் எண்ணிக்கொள்வேன். அந்தத் தொகுப்புக்கு இரண்டு கிராமி. 2013-இல் அதிபர் ஒபாமா நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அணிவித்தார். 2017-இல் பக்கவாதம் தாக்கிய பிறகு இசைப் பயணங்கள் நின்றன. ஆனால் 2021-இல் 'ஸ்டில் வுமன் இனஃப்' என்ற ஐம்பதாவது தொகுப்பை வெளியிட்டார். 2022 அக்டோபர் 4 அன்று, ஹரிகேன் மில்ஸ் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 90.

முடிவுக்கு முன் 1972-க்குத் திரும்பிப் போக வேண்டும்.

அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா, நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சார்லி பிரைடும் போட்டியில் இருந்த விருதை அறிவிக்கும் வேலை லொரெட்டாவுக்கு. மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடு. அவர் கதை அடுத்த இதழில் வருகிறது. அவர் பெயர் வந்தால் கிட்டே போகாதே, தொட்டுவிடாதே என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். பெயர் வந்தது. லொரெட்டா அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டார். அதன் பிறகு சிலர் சினந்ததையும், தான் அதைப் பொருட்படுத்தாததையும் முதுமையிலும் அழுத்தமாகச் சொன்னார்.

அதே ஆண்டுதான் சங்கத்தின் தலையாய விருது, ஆண்டின் சிறந்த கலைஞர் விருது, அவரைத் தேடி வந்தது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அந்த விருது கிடைத்ததில்லை. புட்சர் ஹாலர் பெண் மேடையேறி நன்றி சொன்னார். ஒரே ஒரு வருத்தம் என்றார். பக்கத்தில் நின்று இந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளக் கணவர் வரவில்லை. அவர் வேட்டைக்குப் போயிருக்கிறார் என்றார்.

(தொடரும்)